ரூப் போடாத வீடு

ஜூன் 8

இந்த டைரியைக் கம்பி, சிமெண்ட் விற்கும் கடைக்காரர் பொங்கலுக்கு அப்பாவுக்குக் கொடுத்தார். அட்டையில் செங்கல் சுவர் படம். அப்பா ஒரு பக்கம்கூட எழுதவில்லை. "எனக்கு எல்லாம் மண்டையில இருக்குது கண்ணு, நீ எடுத்துக்க" என்று என்னிடம் தந்துவிட்டார். நாளை பதினொன்றாம் வகுப்பு தொடங்குகிறது. எழுத்தாளராக விரும்புகிறவர்கள் கண்ணில் பட்டதை அன்றன்றே எழுதிவைக்க வேண்டும் என்று நூலகத்தில் ஒரு பத்திரிகையில் படித்தேன். ஆகவே தொடங்குகிறேன்.

என் பெயர் மிருதுளா. நாங்கள் இருப்பது லைன் வீடு. ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் வரிசையாக ஐந்து குடித்தனங்கள், வாசலில் எல்லோருக்கும் ஒரே குழாய். அப்பா பெயர் கந்தவேல். வீடு கட்டித்தரும் காண்ட்ராக்டர். கொத்தனாராக இருந்து வந்தவர் என்பதால் ஊரில் இன்னும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அப்பா இப்போது இரண்டு வீடுகள் கட்டுகிறார். ஒன்று பைபாஸ் ரோட்டில் ஒரு மில்காரரின் மாடி வீடு. மற்றது நாச்சிமுத்து பெரியப்பாவின் வீடு. பெரியப்பா எங்களுக்குச் சொந்தம் இல்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பக்கத்துக் குடித்தனம், அவ்வளவுதான். அவருக்கும் ராமாத்தாள் பெரியம்மாவுக்கும் ஒரே மகள், உடுமலையில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். பெரியப்பா நூற்பாலையில் பிட்டராக இருந்தவர். ஓய்வுபெறும்போது மில்லில் கொடுத்த பணத்தில் ஊருக்கு வெளியே செம்மலை நகரில் இரண்டு அறை வைத்துக் கட்டுகிறார். சிமெண்டிலிருந்து தாழ்ப்பாள் வரை எல்லாம் அப்பா பொறுப்பு.

காலையில் குழாயடியில் சண்டை. பெரியம்மாதான் தீர்த்துவைத்தார். "அடிச்சுக்காதீங்க, ஆவணியில நான் புது வீட்டுக்குப் போயிட்டா என்ற பங்குத் தண்ணியும் உங்களுக்குத்தான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஜூன் 15

இன்று எனக்கு ஒரு மரியாதை கிடைத்தது.

பெரியப்பா வீட்டுச் சுவர் ஜன்னலைத் தாண்டி மேலே வந்துவிட்டது. இனி ரூப், அதாவது மேல்தளக் கான்கிரீட்தான். பேசியபடி, கான்கிரீட் போடுகிற அன்றுதான் அதற்கான பணம். ஆனால் கம்பி விலை ஏறப்போகிறது, இப்போதே வாங்கிப்போட்டால் நல்லது என்று அப்பா போன வாரம் சொன்னார். அதனால் இன்றே கொடுத்துவிடுகிறேன் என்று பெரியப்பா வரச்சொன்னார்.

உடுமலையிலிருந்து அவர் மருமகனும் வந்திருந்தார். பெரியம்மா தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், வாழைப்பழம் வைத்து நோட்டுக்கட்டுகளை அடுக்கினார். தாம்பாளத்தை அப்பாவிடம் நீட்டவில்லை. "அம்மிணி, நீ வா. பொம்பளப் புள்ள கையால வாங்கினா நெறையும்" என்று என்னைக் கூப்பிட்டார். தட்டு கனமாக இருந்தது. நான் வாங்கி அப்பாவிடம் கொடுத்தேன்.

அப்போது மருமகன், "மாமா, ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வாங்கிக்கலாங்க. இல்லீன்னா பேங்க்ல போட்டு விட்டிருக்கலாம்" என்றார்.

பெரியப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏனுங் மாப்பிள்ளை, செவுத்துக்கு அந்தப் பக்கம் படுத்துத் தூங்கற மனுசங்ககிட்டச் சீட்டுக் கேப்பாங்களா?"

"எழுதித் தாரனுங்க, அதுக்கென்ன" என்று அப்பா சட்டைப்பையைத் தடவினார். பேனா இல்லை. நான் எடுத்துவர எழுந்தேன்.

"உக்காரு அம்மிணி. லட்சுமிய வாங்குன கையோட பேனாவத் தூக்காத" என்று பெரியம்மா என்னை உட்காரவைத்துவிட்டார்.

இரண்டு தரப்பும் பெருந்தன்மையாக நடந்துகொண்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மருமகன் மட்டும் காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டார்.

ஜூன் 28

சனிக்கிழமை. அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு மில்காரர் வீட்டுக்குப் போனேன். லாரியிலிருந்து கம்பி இறக்கிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா வீட்டுக்கு வாங்கிய கம்பி என்று லாரிக்காரர் சொன்னார். அதை ஏன் இங்கே இறக்குகிறீர்கள் என்று அப்பாவிடம் கேட்டேன்.

"செம்மலை நகர்ல காவலுக்கு ஆரு இருக்கறா? களவு போயிரும் கண்ணு. இங்கன்னா வாட்ச்மேன் இருக்காரு."

அப்பாவின் முன்யோசனை எனக்கு வராது.

ஜூலை 6

மில்காரர் வீட்டில் கார் நிறுத்தும் ஷெட்டுக்குக் கான்கிரீட் போட்டார்கள். வேலையாட்கள் எல்லோருக்கும் பிரியாணி. எனக்கும் ஒரு பொட்டலம் வந்தது. காவலுக்கு வைத்திருந்த கம்பி அங்கே இல்லை. அப்பா வேறு எங்காவது பத்திரமாக மாற்றியிருப்பார்.

ஜூலை 9

அப்பாவோடு வண்டியில் போனபோது, ஐந்து நிமிடம் என்று மில்காரர் வீட்டில் நிறுத்தினார். நான் வேப்பமரத்தடியில் நின்றேன். அப்பா தான் கட்டிய வாசற்படிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மில்காரர் உள்ளே ஊஞ்சலில் இருந்தார்.

"பில்லுங்களா?" என்றார் மில்காரர். "ஏப்பா மேஸ்திரி, மாடி பாத்ரூம்ல தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்தியா? வாசப்பக்கம் ஓடுது. குளிக்கறவன் துணிய எடுக்கறதுக்குள்ள தண்ணி வந்து எடுத்துட்டுப் போயிரும். அத மொதல்லச் சரி பண்ணு. அப்பறம் பில்லப் பத்திப் பேசு."

அங்கிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

திரும்பும்போது, "கண்டிப்பாகக் கேட்கக் கூடாதாப்பா?" என்றேன்.

"கண்டிசனாக் கேட்டா அடுத்த நாளே வேற ஆளக் கொண்டாந்து நிறுத்திப்போடுவாங்க கண்ணு. இந்த வீட்ட முடிச்சாத்தான் நாலு பெரிய மனுசங்க நம்மளக் கூப்புடுவாங்க." கொஞ்ச தூரம் போனபின், "கேக்காதவங்கள வெச்சுத்தான் பொழப்பு ஓடுது" என்றார். யாரைச் சொன்னார் என்று காற்றில் சரியாகக் கேட்கவில்லை.

ஜூலை 18

நேற்று ஆடி பிறந்தது. இப்போதெல்லாம் அப்பா விடிவதற்குள் கிளம்பிவிடுகிறார். பெரியப்பா குழாயடியில் காத்திருக்கும் நேரத்துக்கு அவர் வீட்டில் இருப்பதில்லை. இன்று கிளம்பும்போது என்னை எழுப்பினார்.

"பெரியப்பாகிட்ட, ஆடி முடியட்டும், ஆவணியில ரூப் போட்டுக்கலாம்னு சொல்லிரு கண்ணு. நீ படிக்கற புள்ள, நீ சொன்னா கேப்பாங்க."

சொன்னேன். பெரியப்பா யோசித்தார். "ஆடியில புதுசா ஆரம்பிக்கறதுதான் ஆகாது. இது பாதியில நிக்கற வேலைதான அம்மிணி?"

அது நியாயமான கேள்வி. அப்பா அதற்குப் பதில் சொல்லித்தரவில்லை. ஆனால் எனக்கு ஒன்று தோன்றியது. "ஆடிக் காத்துல கான்கிரீட்டுல இருக்கற ஈரம் சீக்கிரம் காஞ்சுருங் பெரியப்பா. மேல காஞ்சு உள்ள காயாம இருந்தா வெடிப்பு விட்டுரும்" என்றேன். ஆவியாதல் பற்றிப் பத்தாம் வகுப்பில் படித்தது கைகொடுத்தது.

பெரியப்பா அசந்துபோனார். "பாத்தியா ராமாத்தா, இத மேஸ்திரிகூடச் சொல்லல!"

பெரியம்மா எனக்கு வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் கொடுத்தார். சூடாக இருந்தது.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. பெரியம்மா கொடுத்தனுப்பிய பலகாரத்தை அம்மா தொடவில்லை. கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். மத்தியானம் மூன்று தோசை சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 24

ஆவணி பிறந்து ஒரு வாரமாகிறது. இந்த மாதம் இதுவரை நான்கு முறை பெரியப்பாவிடம் சேதி சொல்லப் போய்விட்டேன். முதலில் மணல் லாரி வரவில்லை. பிறகு, கான்கிரீட்டைத் தாங்க அடியில் அடிக்கும் சென்ட்ரிங் தகடுகள் வேறு வீட்டில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. பிறகு கம்பி கட்டுகிற ஆளுக்குக் காய்ச்சல். அப்பா சொல்வது ஒரு வரிதான். "ஏதாவது சொல்லிரு கண்ணு" என்றுகூடச் சில நாள் சொல்கிறார்.

ஒன்று கவனித்தேன். ஒரு சின்ன விவரம் சேர்த்தால் பேச்சுக்கு உயிர் வந்துவிடுகிறது. லாரி வரவில்லை என்று மட்டும் சொன்னால் பெரியப்பா என் முகத்தையே பார்க்கிறார். டிரைவரின் மச்சினிக்குக் கரூரில் சீமந்தம், அதற்குப் போய்விட்டார் என்றால், "அதுக்குப் போகாம இருக்க முடியுமா, பாவம்" என்கிறார். இதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தாமதம் உண்மை. காரணத்துக்குத்தான் நான் கொஞ்சம் நிறம் கொடுக்கிறேன்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது என் தலையைத் தடவினார். ஆனால் என் கண்ணைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 7

பெரியப்பாவும் பெரியம்மாவும் இன்று வீடு மாறினார்கள். ஆவணியோடு காலி செய்கிறோம் என்று சித்திரையிலேயே லைன் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார்கள். அவர் வேறு ஆளிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டார். "ஒரு மாசம் பொறுங்க" என்று பெரியப்பா கேட்டுப் பார்த்தார். முடியாது என்று சொல்லிவிட்டார்.

ஆகவே ரூப் இல்லாத வீட்டுக்கே போய்விட்டார்கள். ஒரு அறையின் சுவர்மேல் மூங்கில் போட்டுத் தார்ப்பாய் கட்டிக்கொள்வது என்று முடிவாயிற்று. தார்ப்பாயை அப்பாதான் வாங்கினார். அவரே சுவர்மேல் ஏறி நான்கு பக்கமும் இழுத்துக் கட்டினார்.

"பத்தே நாளுங்க. நான் இருக்கறப்ப உங்கள நனைய விட்டுருவனுங்களா?" என்றார்.

பெரியப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எந்த மேஸ்திரி இப்படி வந்து கட்டித் தருவான்?" என்று எல்லோரிடமும் சொன்னார். பெரியம்மா அடுப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல், அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றிருந்தார்.

செப்டம்பர் 19

காலாண்டுத் தேர்வு. வேதியியல் சுமார். பக்கத்துக் குடித்தனத்துக்கு வந்தவர்களின் கைக்குழந்தை சுவருக்கு அந்தப் பக்கம் அழுதுகொண்டே இருக்கிறது. படிக்க முடியவில்லை.

அக்டோபர் 5

நேற்றுச் சாயங்காலம் பிடித்த மழை காலையில்தான் விட்டது. அம்மா தூக்குப்போசியில் ரசம் ஊற்றி, "போய்க் குடுத்துட்டு வா. உள்ள போய் உக்காராத, வந்துரு" என்றார். சைக்கிளில் போனேன்.

தார்ப்பாயின் நடுவில் தண்ணீர் தேங்கி, கர்ப்பிணி வயிறு போலத் தொங்கியது. பெரியப்பா ஒரு கழியால் அடியிலிருந்து மெல்லத் தூக்கிவிட்டார். தண்ணீர் சுவர்ப்பக்கமாகக் கொட்டியது. மழை நாளில் விடிய விடிய இதே வேலையாம். கொஞ்சம் கண்ணயர்ந்தால் கிழிந்து மேலே கொட்டிவிடும் என்று உட்கார்ந்தேயிருக்கிறாராம்.

"இவருக்குச் சக்கரை ஏறிப்போச்சு அம்மிணி. தூக்கமே இல்ல. மழ இல்லாத அன்னைக்கும் முழிச்சுக்கிட்டு மேலயே பாத்துட்டு உக்காந்திருக்கறாரு" என்றார் பெரியம்மா.

"அட, அம்மிணிகிட்ட எதுக்கு அதெல்லாம்? அப்பா என்ன சொன்னாரு கண்ணு?"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எனக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது. "தகடு கழுவி வெச்சாச்சுங் பெரியப்பா. எண்ணெய் பூசிட்டிருக்கறாங்க."

"எண்ணெய் பூசறாங்களா? அப்ப கிட்ட வந்துருச்சு" என்று கழியை மூலையில் சாத்திவிட்டு உட்கார்ந்தார். ரசத்தைக் குடித்தார்.



அக்டோபர் 12

மில்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசம். வீடு கட்டிய மேஸ்திரியைக் கூப்பிட்டு வேட்டி, துண்டு போர்த்தித் தட்டு கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அன்றுதான் பாக்கியும் தீர்ப்பார்கள். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் போனார். "இன்னைக்கு வாங்கிட்டு வந்துர்றேன். திங்கக்கிழமை பெரியப்பா வீட்டுல வேல ஆரம்பம்" என்றார். அம்மா வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார்.

பதினோரு மணிக்கே திரும்பி வந்துவிட்டார். கையில் ஒன்றும் இல்லை. வேட்டி போர்த்தியது கோயம்புத்தூரிலிருந்து படம் போட்டுக்கொடுத்த இன்ஜினியருக்காம். பாக்கியைக் கேட்டதற்கு மில்காரர், வேலையில் இருந்த குறையெல்லாம் கழித்தாகிவிட்டது, நீதான் எனக்குத் தர வேண்டும், போனால் போகிறது சாப்பிட்டுவிட்டுப் போ என்றாராம்.

"சாப்பிட்டீங்களா?" என்று அம்மா கேட்டார்.

"பந்தியில உக்காந்தேன். எல போட்டாங்க. எந்திரிச்சு வந்துட்டேன்."

நான் கேட்டுவிட்டேன். "பெரியப்பா வீட்டுக் கம்பி எங்கேப்பா?"

அப்பா சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். அம்மா, "மில்காரரு ஷெட்டு ரூப்புக்குள்ள" என்றார்.

அக்டோபர் 19

நாளை தீபாவளி. கொத்தனார்களும் சித்தாள்களும் கூலி பாக்கி கேட்டுக் காலையிலிருந்து வாசலில் நிற்கிறார்கள். அப்பா விடியற்காலையில் ஒரு பையோடு போய்விட்டார். வெளியூர் வேலை என்று அம்மா எல்லோரிடமும் சொன்னார். எந்த ஊர் என்று சித்தாள் கருப்பாத்தாள் அக்கா கேட்டதற்கு அம்மா கதவைச் சாத்திக்கொண்டார். எங்களிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

அக்டோபர் 28

பெரியப்பாவும் அவர் மருமகனும் ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போயிருந்தார்கள். எழுத்து ஆதாரம் கேட்டார்களாம். யார் கையில் கொடுத்தீர்கள் என்றதற்கு, மேஸ்திரி மகள் கையில் என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். ஸ்கூல் பிள்ளையைக் கூட்டிவந்து விசாரிக்கவா என்று கேட்டிருக்கிறார்கள். "அது வேண்டாங்க" என்று சொல்லிவிட்டு இவரே எழுந்து வந்துவிட்டாராம்.

இதையெல்லாம் மருமகன் எங்கள் வாசலில் நின்று கத்திக் கத்திச் சொன்னார். ஐந்து குடித்தனமும் வெளியே வந்து பார்த்தது. "அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேன். வெத்தல பாக்கு வெச்சுக் குடுத்தாங்களாமா! கோயில் உண்டியல்ல போட்டிருந்தாக்கூடப் புண்ணியம் வந்திருக்கும்!"

"புள்ள முன்னால கத்தாதீங்க மாப்பிள்ளை" என்றார் பெரியப்பா. தாடி வளர்ந்து ஆளே மாறிப்போயிருந்தார். என்னிடம் திரும்பி, "நீ சொல்லு அம்மிணி. அப்பா எங்க? நீ சொன்னாச் செரி" என்றார். 

தெரியாது என்றேன். அது உண்மை. ஆனால் நான் இதுவரை சொன்ன மற்றவற்றைப் போலவே அதையும் சொன்னதாக என் காதுக்கே பட்டது.

நவம்பர் 4

அப்பா பேசினார். வேறு எண். பாலக்காட்டுப் பக்கம் ஒரு ஊரில் கல்யாண மண்டபம் கட்டும் வேலையில், சாதாரணக் கொத்தனாராகக் கூலிக்கு நிற்கிறாராம். "நல்லாப் படி கண்ணு. இந்த எடத்த ஆருகிட்டயும் சொல்லிறாத" என்றார். ஊர்ப் பெயரை நான் இங்கேகூட எழுதப் போவதில்லை.

நவம்பர் 8

மழை. சைக்கிளை எடுத்துக்கொண்டு செம்மலை நகர் போனேன். அம்மாவுக்குத் தெரியாது.

தார்ப்பாய் ஒரு ஓரம் கிழிந்திருந்தது. பூசாத செங்கல் சுவர் உள்பக்கமும் கறுத்து ஊறிப்போயிருந்தது. பாயைச் சுருட்டிக் கட்டிலில் வைத்து, அதன்மேல் துணிமணிகளை ஏற்றி, மேலே சாக்கைப் போர்த்தியிருந்தார்கள். அவர்கள் இருவருக்கும் உட்கார இருந்தது இரண்டு சிமெண்ட் கல். பெரியப்பா கழியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தபடி இருந்தார். நான் வந்ததைக் கொஞ்ச நேரம் அவர் கவனிக்கவே இல்லை. கண்கள் சிவந்து, ஓயாமல் இமைத்தன.

"கொழிஞ்சாம்பாறை" என்றேன். "கல்யாண மண்டபம் கட்டற எடத்துல இருக்கறாருங் பெரியப்பா. பொள்ளாச்சி போய்ப் போகோணும்."

அவர் எழுந்து சட்டையைத் தேடினார்.

அப்பாவை நான் காட்டிக்கொடுத்துவிட்டேன். இதைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தாலும் தப்பாகத் தோன்றவில்லை. பெரியப்பா போய்ச் சட்டையைப் பிடித்துக் கேட்பார். அப்பா தலைகுனிந்து கூட வருவார். வந்து எப்படியாவது ரூப் போட்டுவிடுவார். எப்படி என்று தெரியவில்லை. ஆனால் இனிமேல் நான் யாருக்கும் எந்தக் காரணமும் சொல்ல வேண்டியிருக்காது.

நவம்பர் 9

பெரியப்பா காலை பஸ்ஸில் போயிருப்பார். நான் ஒரு பாடமும் படிக்கவில்லை.

நவம்பர் 10

பள்ளி விட்டு வரும்போது பஸ் ஸ்டாண்டில் பெரியப்பா நின்றிருந்தார். தாடியை மழித்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையை உயர்த்திக் கூப்பிட்டார்.

"அம்மிணி! உன்னையப் பாத்துட்டுத்தான் போகோணும்னு நின்னேன். இந்தா, அப்பா குடுத்து விட்டாரு." ஒரு பொட்டலம் நேந்திரங்காய் சிப்ஸ்.

"அப்பாவைப் பாத்தீங்களா?"

"பாக்காம? என்னையக் கண்டதும் சாரத்துல இருந்து எறங்கி ஓடியாந்து காலப் புடிச்சுட்டாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போயி மீன் கொழம்புச் சோறு வாங்கித் தந்தாரு. அந்த மில்காரன் பண்ணுன அநியாயத்தக் கேட்டா உனக்கு ரத்தம் கொதிக்கும் அம்மிணி. மனுசன் என்ன பண்ணுவான்?"

"எப்ப வர்றாராம்?"

"வர்ற திங்கக்கெழம. கலவை மிசினும் தகடும் அடமானத்துல நிக்குதாமா. அத மீட்டுட்டா மத்த நாளே லாரியில ஏத்திட்டு வந்துர்றன்னாரு." பெரியப்பா குரலைத் தாழ்த்தினார். "போறப்பவே பெரியம்மா கொடியக் கேட்டு வாங்கி மடியில வெச்சுட்டுப் போனேன். என்ன அவசரமோ ஏதோன்னு. அதக் குடுத்துட்டு வந்துட்டேன்."

கொடி என்றால் பெரியம்மாவின் தாலிக்கொடி.

என் கையில் சிப்ஸ் பொட்டலம் நொறுங்கியது. "பெரியப்பா, அப்பா வரலீன்னா?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். "நம்பாம என்ன பண்றது அம்மிணி? நான் நம்புற வரைக்கும் அந்தப் பணம் உங்கப்பாகிட்ட இருக்குது. நம்பறத நிறுத்துன அன்னைக்கே அது போயிருச்சுன்னு ஆயிரும். போச்சுன்னா முப்பது வருசம் நான் மில்லுல என்ன பண்ணுனேன்?"

செம்மலை நகர் பஸ் வந்தது. ஏறிக்கொண்டு ஜன்னல் வழியே, "எல்லாம் உன்னாலதான் அம்மிணி. நீ எடத்தச் சொல்லாட்டி ஆயிருக்குமா?" என்றார்.

நவம்பர் 11

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. போனை எடுத்து அப்பாவின் எண்ணுக்கு அடித்தார். அணைத்துவைக்கப்பட்டிருந்தது. மறுபடியும் அடித்தார். பிறகு போனைத் தரையில் வைத்துவிட்டு, "அந்தக் கொடிய மட்டுமாச்சும் விட்டுட்டு வந்திருக்கக் கூடாதா அந்த மனுசன்" என்றார். அப்பாவைச் சொன்னாரா பெரியப்பாவைச் சொன்னாரா, தெரியவில்லை.

"மிசினு வாடகை மிசினு. அடமானமும் இல்ல ஒண்ணும் இல்ல" என்றும் சொன்னார்.

நவம்பர் 12

உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து போனேன். வழியெல்லாம் வாக்கியத்தைச் சுருக்கிக்கொண்டே போனேன். கடைசியில் இரண்டு சொற்கள் மிஞ்சின. அப்பா வரமாட்டார்.

மழை விட்டிருந்தது. பெரியப்பா கட்டிலில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது, குறட்டை வந்தது. பெரியம்மா வெளியே செங்கல் அடுப்பில் ஊதிக்கொண்டிருந்தார். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. சாயம் ரவிக்கையில் இறங்கியிருந்தது.

"பெரியம்மா, அப்பா வரமாட்டார்" என்றேன்.

அவர் சட்டென்று என் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்பக்கம் இழுத்துப் போனார். உள்ளே குறட்டை நிற்கவில்லை என்று உறுதி செய்துகொண்டார்.

"தெரியும்" என்றார்.

"எப்பத் தெரியும்?"

"கொடியக் கேட்டாரே, அப்பவே. கழட்டறப்பவே நெனச்சேன், இது திரும்பி வராதுன்னு."

"பின்ன ஏன் குடுத்தீங்க?"

"குடுக்காட்டி? அன்னைக்கு அவரு மொகத்த நீ பாத்தியல்ல. ரெண்டு மாசமா மனுசன் கண்ண மூடல. போன மாசம் கெணறு எந்தப் பக்கம் இருக்குதுன்னு பக்கத்துத் தோட்டத்துக்காரர்கிட்டக் கேட்டிருக்கறாரு. தண்ணி எடுக்கறதுக்குங்கறாரு. நமக்குக் கொழாத் தண்ணி வருது அம்மிணி." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அங்க போயிட்டு வந்த அன்னைக்குத்தான் படுத்தாரு. இன்னும் எந்திரிச்சு எந்திரிச்சுச் சாப்பிட்டுட்டுத் தூங்கறாரு."

பெரியம்மா என் கையை இன்னும் விடவில்லை.

"திங்கக்கெழம மேஸ்திரி வரலீன்னா மறுபடியும் உக்காந்துக்குவாரு. அதுக்கு முன்னாடி நீ ஒரு நட வா. எப்பவும் வந்து ஏதாச்சும் சொல்லுவியல்ல, லாரி, தகடு, எண்ணெய்யின்னு. அந்த மாதிரி வந்து சொல்லு. மாப்பிள்ளை தை மாசம் வந்து உடுமலைக்குக் கூட்டிட்டுப் போறன்னிருக்கறாரு. அது வரைக்கும்."

"என்னால முடியாது பெரியம்மா. நான் இனிமேப் பொய் சொல்ல மாட்டேன்."

"இத்தன நாளா உங்கப்பனுக்குச் சொன்னியல்ல?" கோபமாகச் சொல்லவில்லை. கேள்வியாகவே கேட்டார். "எனக்குன்னு கொஞ்ச நாளைக்குச் சொல்லு."

உள்ளே பெரியப்பா புரண்டு, "ஆரு, அம்மிணியா?" என்றார். நான் குரல் கொடுக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 17

பள்ளி விட்டதும் போனேன். கலவை மிசினையும் தகடுகளையும் ஏற்றிய லாரி பொள்ளாச்சி வரைக்கும் வந்து, அச்சு முறிந்து நிற்பதாகச் சொன்னேன். பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். டிரைவர் பெயர் என்ன என்று கேட்டார்.

சொன்னேன்.